நோயாளி மட்டும் உள்ளே

விருபாட்சன்: நானும் உள்ள வர்றேன் மேடம். என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது.

லலிதா: கையைத்தான் எக்ஸ்ரே எடுக்கப் போறேன் அண்ணா. கை பேசாது.

விருபாட்சன்: துணைக்குத்தான்...

லலிதா: இந்தக் கதிர் ஆம்பளைங்களுக்கு ஆகாது. இன்னொரு பிள்ளை வேணும்னா அந்த பெஞ்சுல உக்காருங்க.

விருபாட்சன்: ...எவ்வளவு நேரம்?

லலிதா: அரை மணி.

விருபாட்சன்: மகாதேவி, ஃபோனைக் குடுத்துட்டுப் போ.

மகாதேவி: ஃபோன் உங்ககிட்டதாங்க இருக்கு.

லலிதா: ...கதவைச் சாத்தியாச்சு. உக்காரும்மா, மெதுவாப் பேசு. வெளிய சிவப்பு விளக்கு எரியற வரைக்கும் யாரும் வர மாட்டாங்க. கை எப்படி?

மகாதேவி: பின்கட்டுப் படியில வழுக்கிட்டேன்க்கா.

லலிதா: முழங்கைக்கு மேல நாலு விரல் தடம் இருக்கே. உங்க வீட்டுப் படிக்கு விரல் இருக்கா?

மகாதேவி: ...அது போன வாரத்துது. ஜோள ரொட்டி கருகிடுச்சு.

லலிதா: அடிப்பாரா?

மகாதேவி: அடின்னு சொல்ல முடியாது. பிடிப்பார். தள்ளுவார். குடிக்கறதில்லக்கா. தெருவுல எல்லாரும் தங்கமான மனுஷன்ங்கறாங்க.

லலிதா: தெரு கிடக்கட்டும். நீ வெளிய போறதுண்டா?

மகாதேவி: காலையில பூட்டிட்டுப் போவார். பாதுகாப்புக்கு.

லலிதா: யாருகிட்டேயிருந்து?

மகாதேவி: ...கேட்டதில்ல.

லலிதா: அம்மாகிட்ட பேசறது?

மகாதேவி: ஞாயித்துக்கிழமை. ஸ்பீக்கர்ல போட்டுட்டு, பக்கத்துலயே இருப்பார்.

லலிதா: கழுத்தைப் பிடிச்சிருக்காரா?

மகாதேவி: ரெண்டு தரம்... அப்புறம் அழுதார். நான்தான் தண்ணி கொண்டுவந்து குடுத்தேன்.

லலிதா: இதையே உன் தங்கச்சி வந்து சொன்னா என்ன சொல்லுவே?

மகாதேவி: செருப்பை மாட்டிட்டுக் கிளம்புடின்னு சொல்லுவேன்.

லலிதா: ம்.

மகாதேவி: ...அக்கா, கதவைத் தட்டறார்.

விருபாட்சன்: மேடம், இன்னும் ஆகலையா?

லலிதா: கை ஆடிடுச்சு அண்ணா. மறுபடி எடுக்கறேன். தள்ளி நில்லுங்க, உங்களுக்குத்தான் நஷ்டம்.

மகாதேவி: ...போயிட்டாரா?

லலிதா: செருப்புச் சத்தம் பெஞ்சு வரைக்கும் போயிடுச்சு. இப்ப கேளு. அந்த பீரோவுக்குப் பக்கத்துல இன்னொரு கதவு இருக்கு. அந்த வழியா போனா பெண்கள் உதவி மையம். போலீஸ்கார அம்மா ஒருத்தர் இருக்காங்க. தங்க இடம் குடுப்பாங்க.

மகாதேவி: இப்பவேவா?

லலிதா: நீதான் சொல்லணும். வீட்டுக்குப் போறதா இருந்தா நம்பரை மனசுல வெச்சுக்கோ. நூத்தி எண்பத்தொண்ணு. எழுதித் தர மாட்டேன்.

மகாதேவி: வேணாம். முந்தானை முடிச்சைக்கூட அவுத்துப் பார்ப்பார்.

லலிதா: என்னிக்குக் கிளம்பினாலும் அவர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பாதே. அந்த நேரந்தான் ரொம்ப ஆபத்து. பிள்ளை இருக்கா?

மகாதேவி: ஒரு பொண்ணு. ராணேபென்னூர்ல அம்மா வீட்டுல இருக்கா. லீவுன்னு திங்கக்கிழமை அவரே கொண்டுபோய் விட்டார்.

லலிதா: நல்லதாப் போச்சு.

மகாதேவி: அவ பாவாடைங்களுக்கு நடுவுல பிறப்புச் சான்றிதழ், என் ஆதார், பி.யு.சி. மார்க் ஷீட்டு எல்லாம் வெச்சுக் கட்டி அனுப்பினேன்.

லலிதா: ...திங்கக்கிழமையேவா?

மகாதேவி: ஆமா. எழுந்திருக்கட்டுமா அக்கா? அந்தக் கதவுக்குச் சாவி வேணுமா?

லலிதா: தாழ்ப்பாள்தான். இரு, கூடவே வர்றேன்.

மகாதேவி: அப்ப எக்ஸ்ரே? வெளிய விளக்கு எரியுதே.

லலிதா: விளக்குக்குத் தனி ஸ்விட்ச். மிஷின் ரிப்பேராகி நாலு நாள் ஆச்சு. டாக்டரம்மா உன் கையில இருந்த தடத்தைப் பார்த்துட்டு, உன்னைத் தனியாப் பேச வைக்கத்தான் அனுப்பினாங்க. கையை அந்தப் பக்கம் வேற டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்.

மகாதேவி: வேணாம்க்கா. கைக்கு ஒண்ணுமில்ல, நான் விழவே இல்ல. அவரா பூட்டைத் திறந்து என்னைக் கூட்டிட்டு வர்ற இடம் ஆஸ்பத்திரி ஒண்ணுதான்... அதுக்கு மேல என்ன பண்றதுன்னுதான் தெரியாம இருந்துது.