முகமாலைக்கு அங்காலை

பஞ்சலிங்கம்: கொஞ்சம் அரக்கி இரு, பிள்ளை, நானும் இருக்க.

உதயகலா: அண்ணை... நீங்கள் எங்கை ஏறினனீங்கள்?

பஞ்சலிங்கம்: கொடிகாமத்திலை. பின்கதவாலை. நீ அரியாலையிலை சூட்கேசோடை கண்டி பஸ்ஸிலை ஏறினதை ஆரோ கண்டிட்டுப் போன் எடுத்தவை.

உதயகலா: ஆரோ இல்லை. உங்கடை மனிசியின்ரை தமக்கை. பஸ் ஹோல்ற்றிலை நிண்டவ.

பஞ்சலிங்கம்: அதை விடு. பளையிலை இறங்குவம். மற்றக் கரையிலை யாழ்ப்பாணப் பஸ் பிடிக்கலாம்.

உதயகலா: நான் மாத்தளைக்கு ரிக்கற் எடுத்திட்டன்.

பஞ்சலிங்கம்: மெல்லக் கதை. சனம் பாக்குது.

உதயகலா: பாக்கட்டும். நாப்பத்தஞ்சு வயசிலை தங்கச்சி கலியாணம் கட்டப் போறாள் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

பஞ்சலிங்கம்: ஆரை? அந்த லொறிக்காரனையோ?

உதயகலா: அவருக்குப் பேர் இருக்கு. றஞ்சித்.

பஞ்சலிங்கம்: தோட்டக்காட்டு...

உதயகலா: அந்தச் சொல்லை முடிக்காதேங்கோ. இந்தப் பஸ்ஸுக்கை பாதிச் சனம் மலையகத்துக்குப் போற சனம். எழும்பி நிண்டு, என்ரை அண்ணை என்ன சொல்லுறார் எண்டு கேளுங்கோ எண்டுவன்.

பஞ்சலிங்கம்: சரி, சரி. நீ எழும்பாதை.

உதயகலா: ரெண்டாயிரத்து ரெண்டிலை இந்தக் கண்டி றோட்டைத் திறந்த உடனை, கொடிகாமத்திலை உங்கடை கடைக்கு மாத்தளையிலை இருந்து லீக்சும் கரட்டும் ஆர் கொண்டு வந்தது? அப்ப அவர் நல்ல மனிசன். தம்பி, தம்பி எண்டு தேத்தண்ணி குடுத்தனீங்கள்.

பஞ்சலிங்கம்: யாவாரம் வேறை. சம்பந்தம் வேறை.

உதயகலா: வெளியிலை பாருங்கோ. இது எந்த இடம்?

பஞ்சலிங்கம்: முகமாலை. தெரியாதே எனக்கு?

உதயகலா: ரெண்டாயிரத்தாறு ஆவணியிலை இதிலைதான் றோட்டை மறிச்சவங்கள். அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் அவர் வெறும் லொறியோடை தெற்கை போனவர். அடுத்த கிழமை வாறன் எண்டவர்.

பஞ்சலிங்கம்: பழங்கதை.

உதயகலா: எனக்குப் பழசில்லை. அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாமல் எத்தினை நாள்... சண்டை முடிஞ்சு றோட்டுத் திறக்க, முதல் வேலையா வந்து எங்கடை படலையிலை நிண்டவர். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

பஞ்சலிங்கம்: அப்பா இல்லாத குடும்பம். நான்தானே யோசிக்க வேணும்.

உதயகலா: உள்ளுக்கை வா எண்டேல்லை. ஒரு வாய் தண்ணி குடுக்கேல்லை. படலையைச் சாத்தினனீங்கள். ஆமிக்காரனே இந்த றோட்டைத் திறந்திட்டான், அண்ணை. நீங்கள் இன்னும் மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்.

பஞ்சலிங்கம்: அவன்... இவ்வளவு காலமும் கட்டாமல் இருந்தவனே?

உதயகலா: ஓம். நானும்தானே இருந்தனான்.

பஞ்சலிங்கம்: நான் எத்தினை சம்பந்தம் கொண்டு வந்தன்... ஒண்டும் பொருந்தேல்லை.

உதயகலா: பொருந்தாதுதான்.

பஞ்சலிங்கம்: பளை வந்திட்டுது. எழும்பு.

உதயகலா: ஏலாது.

பஞ்சலிங்கம்: கையைப் பிடிச்சு இழுக்க வைக்காதை.

உதயகலா: இழுங்கோ பாப்பம்.

பஞ்சலிங்கம்: எழும்பு எண்டுறன்!

உதயகலா: பஸ் வெளிக்கிட்டிட்டுது. இனி ஆனையிறவு. கையை விடுங்கோ, நோகுது.

பஞ்சலிங்கம்: கலா... கெஞ்சிக் கேக்கிறன். அம்மாவையாவது யோசி.

உதயகலா: அம்மாவுக்கு என்ன?

பஞ்சலிங்கம்: பஸ் ஏற முந்தித்தான் போனிலை கதைச்சனான். ஒரே அழுகை. நெஞ்சுக்கை நோகுதாம், கட்டிலாலை எழும்பேல்லையாம். அவளை மறிச்சுக் கூட்டிக்கொண்டு வா தம்பி எண்டு...

உதயகலா: அம்மாவே சொன்னவ?

பஞ்சலிங்கம்: அம்மாவேதான்.

உதயகலா: அப்ப, எனக்கு முன் சீற்றிலை சால்வையாலை தலையை மூடிக்கொண்டு இருக்கிறவ ஆரெண்டு கேளுங்கோ.

பஞ்சலிங்கம்: ஆர்?... அம்மா?

நல்லம்மா: நெஞ்சுக்கை எனக்கொண்டுமில்லை. தொண்ணூற்றஞ்சிலை, சண்டைக்கை ஊரை விட்டுப் போ எண்டு துரத்த, மூட்டையைத் தலையிலை வைச்சுக்கொண்டு இதே றோட்டாலை நடந்தனான். இண்டைக்கு நானா வெளிக்கிட்டுப் போறன், என்ரை மோளைக் கட்டிக் குடுக்க. நீ கொண்டு வந்த சம்பந்தம் எல்லாத்துக்கும் செவ்வாய்க் குற்றம் எண்டு பொய் சொல்லித் திருப்பினதும் நான்தான். வாறதெண்டால் பேசாமல் இரு, தம்பி. இல்லாட்டிப் பரந்தனிலை இறங்கு.