தகைவிலான் கோப்பை

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: பெண்கள் கார்ப் பந்தயத் தொடரின் தலைவி சிஞோரா ஃபுல்வியா, ஆண்கள் ஓட்டும் மேல்வகுப்புப் பந்தயத்திலிருந்து வந்திருந்த அணி மேலாளர் ரைனெரி, எங்கள் பத்தொன்பது வயது ஓட்டுநர் நீவெஸ் ஸான்யி, தொடரின் தொழில்நுட்பப் பொறுப்பாளன் ஒரேஸ்தே பால்தினி, அதாவது நான். பூசணிக்காய் அடைத்த தோர்தெல்லி பரிமாறினார்கள். நன்றாக இருந்தது. வெண்ணெய் கொஞ்சம் அதிகம்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள், அதிகாரி அவர்களே. அதற்கு முதலில் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெயர் தகைவிலான் கோப்பை. வைத்தவர் சிஞோரா ஃபுல்வியா. அதற்கு முன் அவர் வாசனைத் திரவியம் விற்றுக்கொண்டிருந்தார். இளம் பெண்கள், ஒரே மாதிரியான கார்கள், ஒரு ஷாம்பு நிறுவனத்தின் பணம். இங்கே பழகி, சிறகு முளைத்து, மேலே போய் ஆண்களோடு மோத வேண்டும் என்பது அறிவித்த நோக்கம். சுவரொட்டி முழுக்கச் சிறகுகள். தகைவிலான் வசந்தம் வந்தால் பழைய கூட்டுக்கே திரும்பும் பறவை என்று யாரும் சிஞோராவிடம் சொல்லவில்லை. தொடர் தொடங்கியதிலிருந்து ஒருத்திகூட மேலே போகவில்லை. அடுத்த பருவமும் எங்களிடமே வந்தார்கள், கொஞ்சம் தலை குனிந்து. வியாபாரமாகப் பார்த்தால் அருமையான ஏற்பாடு.

எல்லாக் கார்களையும் என் பட்டறைதான் தயார் செய்யும். சமநீதிக்காக. நான் போலோஞாவில் பொறியியலைப் பாதியில் விட்டவன். பிறகு டைல்ஸ் தொழிற்சாலையில் சூளைக்கு முன்னால் பல வருடம் இரவு வேலை. இங்கே எல்லோரும் என்னை இன்ஜினியர் என்றார்கள். நான் திருத்தவில்லை. மரியாதையைத் திருப்பிக் கொடுப்பது அநாகரிகம்.

நீவெஸ் சாஸ்வோலோக்காரி. இரண்டு பருவம் தொடர்ந்து எங்கள் கோப்பையை வென்றவள். அவளைச் சோதித்துப் பார்க்கத்தான் ரைனெரி வந்திருந்தார். எங்கள் காரிலேயே ஓட்ட வேண்டும். பிடித்துப்போனால் அடுத்த வருடம் அவர் அணியில் இடம்.

"நல்லா சாப்பிடும்மா," என்றார் ரைனெரி. "அப்புறம் கை வலிக்குதுன்னு சொல்லக் கூடாது."

"எங்கப்பா டைல்ஸ் பதிக்கிறவர். பெட்டி பெட்டியா மாடிக்குத் தூக்கினது நான்தான். உங்க பசங்க ஒரு பெட்டி தூக்கியிருக்காங்களா?"

"எங்க பசங்களுக்கு ஸ்பூன் தூக்கவே ஆள் வேணும்."

"பாத்தீங்களா, எங்க குருவி என்னமாப் பேசுது," என்று சிஞோரா அவள் கன்னத்தைத் தட்டினார்.

"குருவி இல்ல சிஞோரா, ஸான்யி. வண்டியிலயே எழுதியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை எளிமையானது. அவள் மேலே போய்த் தோற்றால், பெண்களால் முடியாது என்று ஊர் சிரிக்கும், தொடர் செத்துவிடும். மேலே போய் ஜெயித்தால், பெண்களுக்குத் தனித் தொடர் எதற்கு என்று ஷாம்புக்காரர்கள் கேட்பார்கள், அப்போதும் செத்துவிடும். அதனால் அவள் போகக் கூடாது. ஊர் பார்க்காத ஒரு சோதனை ஓட்டத்தில், அடிபடாமல், கௌரவமாக அவள் களைத்துப்போக வேண்டும். ஒரு பெண்ணின் மனம் நோகாமல் இருக்க இதைவிட யாரால் மெனக்கெட முடியும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்த இணைப்பில் மெல்லிய தகடுகள் வைத்துச் சாய்வைக் கூட்டினால் ஸ்டியரிங் கனக்கும். கார் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஓட்டுபவரின் தோளுக்கு மட்டும் தெரியும். அந்தத் தோள் பெண்ணுடையது என்றால், தோளில்தான் கோளாறு என்று அவளே நம்பிவிடுவாள்.

இது புதிதாகச் செய்ததல்ல. லூதோவிகாவுக்கு ஒரு தகடு. ஒர்நெல்லாவுக்கு இரண்டு. இருவரும் மேலே போகத் துடித்தவர்கள், சோதனை ஓட்டத்தில் பாதியிலேயே கையைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். தொடரின் மருத்துவர் அவர்களுடைய தோள்வலியை அளந்து, பெண்கள் சீக்கிரம் களைக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையே எழுதினார். மாநாட்டில் கைதட்டினார்களாம். நானும் அதைக் கவனமாகப் படித்தேன். ஆதாரங்கள் வலுவாக இருந்தன.

நீவெஸுக்கு மூன்று வைத்தேன். டைல்ஸ் பெட்டி தூக்கியவள்.

ஓடத் தொடங்கியதும் வயர்லெஸில் வந்தாள். "ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. ஏதோ தப்பா இருக்கு இன்ஜினியரே."

"எல்லாம் சரியா இருக்கும்மா. முடியலன்னா உள்ள வந்துடு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"உள்ள வர்றதா? இன்னைக்கா? போங்க."

வழி திறந்துவிட்டேன், அவள் வரவில்லை. அந்தப் பிடிவாதத்தை என் கணக்கில் எழுதுவது முறையாகாது. அவள் வேகம் குறையவும் இல்லை. ரைனெரி தன் கடிகாரத்தைப் பார்த்து, "யாருய்யா இவ," என்று முணுமுணுத்தார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

மேட்டுக்கு அப்பால் உள்ள நீண்ட இடது வளைவில் அவள் கைகளில் வலு விட்டுப்போனது. சுவரில் மோதப்போகிறோம் என்றால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பந்தயத்தில் முதல் பாடமே அதுதான். அவளால் எடுக்க முடியவில்லை. கனத்தைத் தாங்க விரல்களை உள்ளே கோத்துப் பிடித்திருந்தாள், அப்படியே மரத்து இறுகிவிட்டன. சக்கரம் சுவரில் பட்டதும் ஸ்டியரிங் சுழன்று இரண்டு மணிக்கட்டையும் முறித்தது. விரல்கள் இனி முழுதாக மடங்காது என்றார்கள். பூ வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

ரைனெரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். தொடருக்கு அது நல்ல வருடம். அவள் கட்டுப்போட்ட கைகளை வைத்து ஷாம்புக்காரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். சிஞோரா அதைப் பார்த்து உண்மையாகவே அழுதார். அடுத்த பருவத்துக்கு இன்னும் இலகுவான, இன்னும் மெதுவான கார் வேண்டும் என்று என் யோசனையின் பேரில் தீர்மானம் போட்டார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக.

குளிர் விட்ட பிறகு நீவெஸ் பட்டறைக்கு வந்தாள். நான் தனியாக இருந்தேன். அவள் காரின் முன்பாகம் இன்னும் மேசைமேல் கிடந்தது. நல்ல பாகத்தை எறிய எனக்கு மனம் வராது.

"இதைக் கழட்டுங்க," என்றாள். "என் கையால முடியாது."

மறுத்திருக்கலாம். ஆனால் வேலையைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கழற்றினேன். தகடுகளைத் துடைத்து வரிசையாக வைத்தேன், எது எதற்கென்று விளக்கினேன். புரிந்துகொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

"லூதோவிகாவுக்கும்?"

"ஆமா."

"ஒர்நெல்லா?"

"ஆமா. உன்னைவிட அவளுக்குக் கம்மிதான்."

"அந்தப் புள்ள இன்னும் ஜிம்முக்குப் போய் அழுதுட்டிருக்கா, தெரியுமா?" தகடுகளைப் புறங்கையால் நகர்த்தினாள். "இது இல்லாம ஓட்டியிருந்தா?"

"ரைனெரி உன்னை எடுத்திருப்பார். மேல போய் ஜெயிச்சிருப்பே," என்றேன். "அதுதான்மா பிரச்சினை."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு தகட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து எடுத்தாள், சட்டைப் பைக்குள் தள்ளினாள், வெளியே போனாள். போலீஸ் வரும்வரை நான் எங்கும் போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பாள். இரும்புக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். சாவி வெளிப்பக்கம் தொங்கும். அதை அவள் திருப்ப முயல்வது கேட்டது. நழுவியது. மறுபடி முயன்றாள், வலியில் மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்தக் கதவு கொஞ்சம் இறங்கிப்போயிருக்கிறது, பூட்டு நேராகப் பொருந்தாது. பாவமாக இருந்தது. நான் எழுந்து போய் உள்ளிருந்து கதவைத் தூக்கி அழுத்திக் கொடுத்தேன். பெண்களுக்கு உதவுவதுதான் கடைசிவரை என் வேலையாக இருந்தது. பூட்டு விழுந்தது.