தையல் இயந்திரம் ஒன்று

இல்லக்கா, பையை நகத்த வேணாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க இப்படி இந்தப் பக்கமா உக்காருங்க. எனக்கா? கேசு இன்னைக்கோட முடியுதுக்கா. இன்னும் மூணு பேரு போகணும், அப்புறம் நாங்க.

அதோ தூண்கிட்ட நீலச் சட்டை, அவருதான் எங்க வீட்டுக்காரரு. பக்கத்துல நிக்கறது... ஆமா, இப்ப அவரோட இருக்கறவங்கதான். பாக்காதீங்கக்கா, பாத்துருவாங்க. அவரு போயி ஆறு வருசம் ஆச்சு. பாப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசு. சண்டைன்னு பெருசா ஒண்ணுமில்ல. வேலைக்குன்னு போனாரு, வரல, அவ்வளவுதான். நானும் இன்னைக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு, வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டுல குடுத்துட்டுத்தான் போவேன். சிரிங்க, எனக்கே சிரிப்புத்தான் வருது.

போன வருசம் திடீர்னு வந்தாரு. முறைப்படி பிரிஞ்சுக்கலாம், ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம்னாரு. அந்த வக்கீல் ரூமுக்குள்ள போனாலே சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிருவேன். ஆனா ஒண்ணுல மட்டும் நான் விடலக்கா. தையல் மெஷினு. அவரு வாங்குனதுதான், இல்லேங்கல. ஆனா ஆறு வருசமா மிதிச்சது இந்தக் காலு. தலையணை உறை, நைட்டி, பள்ளிக்கூடத்துப் பாவாடை, அதுலதான் எங்க சோறே. மெஷின் எனக்குன்னேன். சரின்னாரு. வீட்டு அட்வான்சும் எனக்குன்னேன். அதுக்கும் சரி. தைரியம் வந்துருச்சு எனக்கு. பீரோ, கட்டிலு, ஒரு கதவு தொங்கற அலமாரி, எல்லாம் எனக்குன்னேன். எல்லாத்துக்கும் தலையாட்டறாரு! மனுசன் திருந்திட்டாருன்னு நெனச்சேன். ஜெயிச்ச சந்தோசத்துல பாப்பாவுக்குக் கலர் பென்சில் டப்பா வாங்கிட்டுப் போனேன்.

படிச்சுப் பாத்தியாம்மான்னு வக்கீல் கேட்டாருக்கா. கேக்காம இல்ல. நான் அஞ்சாவதுதான். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், நேரமாகும். அவரோட வந்திருந்த அந்த அம்மா முன்னாடி உதட்டை அசைச்சுப் படிக்க வெக்கமா இருந்துச்சு. அதனால ஒவ்வொரு பக்கத்தையும் கொஞ்ச நேரம் பாக்கறது, திருப்பறது. படிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருந்த எடத்துல எல்லாம் கையெழுத்து வச்சேன். அவரோடத விட என்னோடது அழகா விழுந்துச்சுன்னு பெருமை வேற.

நகல் ஒண்ணு குடுத்தாங்க. மெஷின் டிராயர்ல நூல்கண்டோட கெடந்துச்சு. முந்தாநாளு பாப்பா அதை எடுத்துட்டு வந்து, படிச்சுக் காட்டட்டுமாம்மான்னா. மூணாவது, கடை போர்டைக் கூட விடமாட்டா. நான் பாவாடைக்கு மடிப்பு தச்சுட்டே கேக்கறேன். கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, தையல் இயந்திரம் ஒன்றுன்னு விரல் வச்சு வாசிக்கறா. அப்புறம், அம்மா, இதுல என் பேரு இருக்குன்னு குதிக்கறா. மகள் இனி தந்தையின் பொறுப்பில் வளர்வாள். தாய் மாதம் ஒரு முறை பார்க்கலாம். தாய்க்கு இதில் முழுச் சம்மதம். ஒரு எழுத்து தப்பில்லாம படிச்சாக்கா. என் காலு அப்படியே நின்னுருச்சு.

அந்த அம்மாவுக்குக் குழந்தை இல்லையாம்.

கேக்காம இருப்பேனா? நீதானே கையெழுத்துப் போட்டங்கறாரு. வக்கீலும் அதையேதான் சொல்றாரு. இங்க கூட்டிப் பெருக்கற ஒரு அம்மாதான் சொன்னாங்க, ஜட்ஜு கடைசியா ஒரு வார்த்தை சம்மதமான்னு கேப்பாரு, அப்ப வாயத் தொறந்து சொல்லிரு புள்ளன்னு. போன தடவையும் கேட்டாருக்கா. என்னன்னு தெரியாமலே நான் தலையாட்டிட்டேன்.

இவ்வளவு பேச்சு நான் யாருகிட்டயும் பேசுனதில்ல. உள்ள போனா வாய் வரணுமே, அதான் ஒரு தடவை உங்ககிட்ட சொல்லிப் பாத்துக்கிட்டேன். புரிஞ்சுச்சா? மெஷினை விட்டுட்டு முதல்ல பாப்பாவைச் சொல்லணுமோ? மெஷினையே வேணா எடுத்துக்கட்டும்னு சொல்லிரட்டுமா?

அய்யோ, எங்களத்தான் கூப்பிடறாங்க. பாப்பா அந்தக் குழாய்கிட்ட நிக்கறா, ரெட்டைச் சடை, கொஞ்சம் பாத்துக்கங்க. பையா? அவளோடதுதான்க்கா. காலையில அவளே அடுக்குனா. ரெண்டு கவுனு, மிச்சமிருக்கற கலர் பென்சிலு. ஏன்டின்னேன். காகிதத்துல போட்டிருக்கேம்மாங்கறா.

அவரு வந்து கேட்டா மட்டும் அந்தப் பையைக் குடுத்துராதீங்கக்கா.