பெரிய பண்ணையாரை ஆடு தின்றது

அம்பாசமுத்திரம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த ஒல்லிப் பிள்ளை, பக்கத்தில் இருந்த நண்பரிடம் சாவகாசமாகச் சொன்னார்.

“நம்ம பெரிய பண்ணையாரை ஆடு தின்னுட்டு வே.”

வாயில் போட்ட வெற்றிலையை நான் மெல்ல மறந்தேன்.

“எது வரைக்கும்?” என்றார் நண்பர்.

“தூரோட.”

பிறகுதான் விளங்கியது. ஆற்றங்கரையைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகிறது. கரையைக் காக்க மருதங்கன்று வைக்கும் சபை ஒன்றுக்கு, ஒல்லிப் பிள்ளை பெரிய வீடுகளாக ஏறி இறங்கி நன்கொடை வாங்குகிறவர். ‘இன்னார் உபயம்’ என்று பலகையில் எழுதிக் கன்றுக்குப் பக்கத்தில் நட்டுவிடுவாராம்; அதன்பிறகு கன்றுக்கும் அவர் பெயர்தான்.

“பலகை இல்லைன்னா ஒருத்தரும் மடியை அவுக்க மாட்டாங்க வே.”

“வேலி போட்டிருந்தீரே?”

“தாண்டிட்டு. அதுவும் யாரு ஆடுங்கீரு? அவரு சம்பந்தி ஆடு. நமக்கு ஒரு சல்லி தராத மனுசன்.”

“பண்ணையார்ட்ட சொன்னீரா?”

“பயந்துக்கிட்டேதான் போனேன். முழுசும் கேட்டாரு. பொறவு, இன்னும் ரெண்டு கன்னுக்குத் தாரேன்னுட்டாரு.”

“தங்கமான மனுசன்.”

“ஒண்ணு அவரு பேருக்கு. இன்னொண்ணு சம்பந்தி பேருக்கு.”

“ஆடு தின்ன பொறவுமா? என்ன பெருந்தன்மை வே.”

“முழுசாக் கேளும். சம்பந்தி கன்னுக்கு மட்டும் வேலி போடக் கூடாதாம்.”