கரிவலம் சாலையில் பின் இருக்கை

மாலை ஆறரை இருக்கும். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் காட்டுச் சாலை... பனைகளைத் தவிர யாருமில்லை. நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

பைக்கை ஓட்டியது இசக்கித்துரை. பின்னால் தங்கை சங்கரேஸ்வரி, மடியில் ஐஸ் பெட்டி. நமக்கு முன்னால் இதே விடுதியில் தங்கி, கால்நடை மருத்துவத்தில் பிஎச்.டி. செய்தவள். ஆட்டுக்கிடைகளுக்குப் போய் ஆராய்ச்சிக்குச் செம்மறி ரத்தம் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு காட்டு வீட்டு வாசலில் பேச்சி என்பவள் கைகாட்டி நிறுத்தினாள்.

"எம்மா டாக்டரு, மாடு தண்ணி குடிக்க மாட்டேங்கு. எச்சியா ஒழுகுது. பனங்கொட்டை சிக்கியிருக்குமோ?"

சங்கரேஸ்வரி வளையலைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாள்.

"ஏட்டி, கிளவுஸ் எங்க?"

"அம்புட்டும் ஆட்டுக்கே தீந்துட்டுண்ணே."

"ஒங்க கைடு பாத்தா வைவாரு."

"அவரு வந்து இந்த மாட்டுக் கயித்தப் பிடிக்கட்டும், அப்புறம் வையட்டும்."

சிரித்தபடியே கையை முழங்கை வரை மாட்டின் தொண்டைக்குள் விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. மாட்டுப் பல் புறங்கையில் லேசாகக் கீறியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆய்வகத்தில் சோதனைக் குழாயைத் தொடக்கூடக் கையுறை மாட்டுகிறவள் அவள்.

அந்த மாட்டை வெறிநாய் கடித்திருந்தது பேச்சிக்கே தெரியாது. மறுநாள் செத்தது, புதைத்தார்கள். மாடு செத்ததை இவளிடம் யாரும் சொல்லவில்லை... கால்நடை மருத்துவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியையும் அவள் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

சில வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில், "அண்ணே, தண்ணி" என்றாள். டம்ளர் உதட்டருகே வந்ததும் கழுத்து வெட்டி இழுத்தது. தட்டிவிட்டாள். மறுபடி கேட்டாள். கடைசிவரை ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

அதன்பிறகு இசக்கித்துரை அந்த வழியே வரும்போதெல்லாம், பேச்சி வீட்டைத் தாண்டியதும் பைக் பின்னால் அமுங்கும். சோப்பு வாசனை... தோளில் ஒரு ஈரக் கை. அவன் திரும்புவதில்லை. பயத்தால் அல்ல. திரும்பினால் இறங்கிவிடுவாளோ என்றுதான்.

இப்போது பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டு போகிறான். முன்னால் பார்த்தபடியே பின்னால் நீட்டுவான்.

"குடி மக்கா."

பாட்டில் கையைவிட்டுப் போகும். மூடி திருகும் சத்தம். பிறகு ஒரு விக்கல்... அவ்வளவுதான்.

ஊர் விளக்குகள் தெரிந்ததும் பாரம் குறையும். வண்டியை நிறுத்திப் பார்ப்பான். பின் இருக்கையில் பாட்டில் மூடியில்லாமல் நிமிர்ந்து நிற்கும்.

தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருக்கும்.