கிராணி ரொசாரியோ அறை வாங்கிய விஷயம்

பினாங்கு போலீஸ் ஸ்டேஷன், 1932ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குச் சொல்லி, சொன்னபடியே தமிழில் எழுதியது.

என் பெயர் ஆசியா பீவி. வயது நாற்பத்திரண்டு. ஜார்ஜ் டவுன் சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கிறேன். என் கணவர் மீரா சாகிப் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். என் தகப்பனார் வழி நாகூர், தாயார் வழி கெடா மலாய். என் கணவர் வீட்டிலும் இதே கதைதான். இந்த ஊரில் எங்களை ஜாவிப் பெக்கான் என்பார்கள். என்ன இனம் என்று எழுதுவது என இன்ஸ்பெக்டர் கேட்டார். அவருக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். இதுவரை எல்லோரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிற ரொசாரியோவின் கண்ணில் நான் மிளகாய்ப் பொடி தூவினேன் என்பது பிராது. அது பொய். நான் அவரைக் கன்னத்தில் அறைந்தேன். மிளகாய் ஏற்கெனவே என் கையில் இருந்தது.

என் மகள் சித்தி ஹாஜராவுக்குப் பதினெட்டு வயது. மருத்துவச்சி வேலை பழகுவதற்கு மனுப் போட்டிருந்தாள். சிறு வயதிலிருந்து அவளுக்கு அந்த ஒரு ஆசைதான். கேள்வி கேட்ட துரைசாணிக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் இந்த வருஷம் மலாய்ப் பெண்களுக்கு மட்டும் என்றார்கள். அதன் பிறகு அவளுடைய பிறப்புச் சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தால் அதில் 'தமிழர்' என்று இருந்தது.

அது வந்த விதத்தையும் சொல்கிறேன். என் மகன் கமால் பிறந்தபோது என் கணவர் சாரமும் சொங்கோக் என்கிற மலாய்த் தொப்பியும் அணிந்து போய்ப் பதிந்தார். பதிவுக்காரர் 'மலாய்' என்று எழுதினார். இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தபோது என் கணவர் ஒரு கல்யாண வீட்டிலிருந்து நேராக, நீளச் சட்டையும் துருக்கித் தொப்பியுமாகப் போனார். அதே பதிவுக்காரர் 'தமிழர்' என்று எழுதினார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரே மனுஷர் ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு இனம் கொடுத்தார். தலையைப் பார்க்கவில்லை, தொப்பியைப் பார்த்தார். இதற்கு அவருக்குச் சம்பளமும் உண்டு.

அதன் பிறகு இதை விசாரிக்க ஆபீசிலிருந்து வந்தவர்தான் கிராணி ரொசாரியோ. முதல் முறை வந்து என் மகளுடைய மூக்கைப் பார்த்தார், பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் நாங்கள் என்ன பாஷையில் சண்டை போடுவோம் என்று கேட்டார். இரண்டாம் முறை வந்து சட்டி மூடியைத் திறந்தார். முருங்கைக்காயைக் கண்டதும் தமிழர் என்றார். பெலாச்சான் என்கிற மலாய் இறால் விழுதின் வாசனை வந்ததும் கொஞ்சம் யோசித்தார். படித்த மனுஷர்.

மூன்றாம் முறை புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். மகள் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"பீவி, தகப்பன் தமிழன்னு இருக்கு. நான் என்ன செய்யிறது லா?" என்றார்.

"அவரு அம்மாவும் மலாய், எங்க அம்மாவும் மலாய். பாதிக்குப் பாதி இருக்கே, பத்தாதா?" என்றேன்.

"பாதிக்கெல்லாம் இந்தப் பாரத்துல கட்டம் இல்ல" என்று கையிலிருந்த காகிதத்தைத் தட்டினார்.

இதைச் சொன்னவருக்குக் கட்டம் இருக்கிறது. அவருடைய முன்னோர் யாரோ ஒரு பறங்கி கப்பலில் வந்து இந்தப் பக்கத்துப் பெண்ணைக் கட்டினான். அதனால் 'யுரேஷியன்' என்று தனியாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். என் முன்னோரும் கப்பலில்தான் வந்தார். எங்களுக்கும் முன்பு ஒரு கட்டம் இருந்ததாம், எடுத்துவிட்டார்களாம். இதை அவரிடமே கேட்டேன். அவர் காது கேளாதவர் மாதிரி பேனாவைத் துடைத்தார்.

அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு. தகப்பன் பேரு எடத்துல 'தெரியாது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்போ தாய் வழிதான். பழைய சர்ட்டிபிகேட்ட நான் பாக்கலன்னு வச்சுக்கிறேன். மலாய்னு போட்டுடலாம்" என்றார். சொல்லும்போது சிரித்தார். பெரிய உபகாரம் செய்வதாக அவருக்கு நினைப்பு.

இருபத்தொரு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்துகிற மனுஷரை யாரென்று தெரியாது என எழுதச் சொல்லி, என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, பேனாவை நீட்டினார். நான் கை கழுவாமல் எழுந்து அறைந்தேன். ஓர் அறைக்கு அவ்வளவு சத்தம் போட்ட ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. என் மகள் ஓடிவந்து, தலையைப் பிடித்துச் சாய்த்து, தண்ணீர் ஊற்றி அவர் கண்ணைக் கழுவிவிட்டாள். அந்த வேலைக்கு அவள் லாயக்கா என்பதை அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கலாம், கண்தான் திறக்கவில்லை. அதன் பிறகு அவர் காகிதத்தைப் போட்டுவிட்டு ஓடினார். சாயங்காலம் போலீஸ் வந்து என்னை அழைத்துப்போனது.

அறைந்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை. இன்னும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

நேற்று மத்தியானம் என் மகள் லாக்கப்புக்குச் சோறு கொண்டுவந்தாள். "உம்மா, திங்கக்கிழமை வேலை பழக வரச் சொல்லிட்டாங்க" என்றாள். எப்படி என்று கேட்டேன். "அவரு போட்டுட்டுப் போன அந்தக் காயிதத்துல நானே எழுதிக் கொடுத்துட்டேன். வாப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து கம்பி வழியாக நீட்டினாள். வீங்கின கண்ணோடு அந்த ரொசாரியோவே வாங்கி முத்திரை குத்தினாராம்.  சோற்றை வாங்கித் தின்றேன்.

என் கணவருக்கு இது தெரியாது. என்னை ஜாமீனில் எடுக்க வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். இந்த வாக்குமூலத்தை அவர் கையில் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை ரைட்டர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். இந்தக் காகிதத்தில் இருப்பது முழுக்க உண்மை. பொய் எழுதிய காகிதம் ஆபீசில் இருக்கிறது, அதைத்தான் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

(ஒப்பம்)
ஆசியா பீவி,
மீரா சாகிப் மனைவி.