இரும்பு ஒன்று, அமிலம் இரண்டு

அன்று மேடையில் நான் சொல்லாதது ஒன்று உண்டு. என் வேதியியல் வகுப்பு மாணவி ஆரிபா விடைத்தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்து நின்றபோதே, அவள் எழுதியதுதான் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மதிப்பெண்களைப் பதிவேட்டில் மையால் ஏற்றி முடித்திருந்தேன். களைத்திருந்தேன். "போய் உட்காரும்மா" என்றேன். 1984 ஜனவரியில், எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், நன்றியுரைக்கென்று தந்த ஐந்து நிமிடத்தில் மற்றதை இப்படிச் சொன்னேன்:

இதுவரை எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் பெரியவர் கோவிந்தராசு அவர்களே! எங்கள் தலைமையாசிரியை அமுதம் அம்மையார் அவர்களே! கோவில்பத்திலிருந்து சைக்கிள் மிதித்தும், குரும்பகரத்திலிருந்து அறுவடையை விட்டும், திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! என் மாணவிகளே! களைத்த குரலில் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

"டான்ஸ் எப்பங்க?" என்று ஓர் அம்மா கேட்கிறார். வருகிறது தாயே. கால் சலங்கை கட்டிய பிள்ளைகள் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். அதற்குள் ஓர் ஆணியைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

இரும்பு ஆணியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் என்ன ஆகும்? கரும்பலகையில் நான் எழுதினேன்: இரும்பு இரண்டு, அமிலம் ஆறு, கிடைப்பது ஃபெரிக் குளோரைடு இரண்டு, ஹைட்ரஜன் மூலக்கூறு மூன்று. எண்ணிப் பாருங்கள். இரும்பு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. குளோரின், ஆறுக்கு ஆறு. ஹைட்ரஜன், ஆறுக்கு ஆறு. என்ன அழகு! என்ன அடக்கம்! எவர் வந்து குறை சொல்ல முடியும்?

செய்தும் காட்டினேன், மாணவிகளையும் செய்யச் சொன்னேன். ஃபெரிக் குளோரைடு மஞ்சள் நிறம். சோதனைக் குழாயிலும் மஞ்சள் வந்தது. நாற்பத்தொரு மாணவிகளுக்கு மஞ்சள் வந்தது. ஒருத்திக்கு மட்டும் வெளிர் பச்சை.

"டீச்சர், எனக்குப் பச்சையா வருதே!" என்றாள் ஆரிபா.

பக்கத்தில் நின்ற அல்லி விடுவாளா? "ஒன் ஆணி மட்டும் சீமையிலேருந்து வந்துச்சாடி?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்திருந்தாள் தெரியுமா? "துருவா இருந்துச்சு டீச்சர். உப்புத்தாளால தேச்சிட்டுப் போட்டேன். எங்க மாமா தேய்க்காம எதுக்கும் பெயிண்ட் அடிக்க மாட்டாங்க" என்றாள்.

கடற்காற்று வீசும் இந்த ஊரில் துருப்பிடிக்காத ஆணி ஏது? எங்கள் மஞ்சள், இரும்பின் மஞ்சள் அல்ல, துருவின் மஞ்சள். துருவைக் கரைத்துவிட்டு இரும்பைக் கண்டதாக நினைத்தோம். தேய்த்தவள் கண்டதுதான் இரும்பு. இரும்பு ஒன்று, அமிலம் இரண்டு. ஃபெரஸ் குளோரைடு ஒன்று, ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்று. பள்ளித் தேர்விலும் கண்டதையே எழுதினாள். நான் சிவப்பு மையால் அடித்தேன். இரண்டு மதிப்பெண் போனது. அந்த இரண்டால் அவள் தேறவில்லை. தேறாதவர் பெயரைப் பொதுத்தேர்வுக்கு நாம் அனுப்புவதில்லை.

சுருக்கமாக முடிக்கச் சொல்லித் தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். முடிக்கிறேன் ஐயா.

என் சமன்பாடு சமன்பட்டிருந்தது. சமன்பட்டதனால் அது உண்மையாகிவிட்டதா? எண்ணிக்கை சரியாக இருந்ததனால் எண்ணியது சரியாகிவிட்டதா? நாற்பத்தொரு பேர் எழுதியதனால் நடக்காதது நடந்துவிட்டதா? இல்லை. நான் கற்பித்தது தவறு. நான் திருத்தியது தவறு. தவறை எழுதியவர்களுக்கு நான் தந்த மதிப்பெண் அவர்களிடமே இருக்கட்டும். அந்தத் தவறு என்னுடையது.

ஆரிபா முதல் மாணவி அல்ல. தட்டுத் தடுமாறிப் படிக்கிறவள். அவள் தாய் அஜீசுன்னிசா இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். போன வாரம் என்னிடம் சொன்னார்: "இந்த வருசம் எழுதலன்னா நிறுத்திடுவோம் டீச்சர். இன்னொரு வருசம் அனுப்ப எங்களால முடியாதுங்க."

தலைமையாசிரியை அவர்களே! பெயர்ப் பட்டியல் நாளை புறப்படுகிறது. விடைத்தாளைத் திருத்தி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, உங்கள் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் மேடையேறினேன். இத்தனை பேர் முன்னால் கேட்பது முறையல்ல என்று தெரியும். தனியே கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பெயரைச் சேருங்கள்.

நாற்காலி தந்தவர்களுக்கு நன்றி. மைக் கட்டிய அலாவுதீனுக்கு நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. டான்ஸைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்; வணக்கம்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அந்த விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். ஆரிபாவின் பெயரைப் பட்டியலின் கடைசியில் தம் கையாலேயே எழுதினார். மார்ச்சில் அவள் தேர்வு எழுதினாள். வேதியியலில் தேறினாள், இயற்பியலில் தவறினாள். செப்டம்பரில் அதை மறுபடி எழுதினாள்.